நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகள்: கடல்வழியும் காவிரி வயலும்

தமிழகக் கடற்கரையில் இருந்த பௌத்தத் துறவோர் குடியிருப்புகளுள் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமே பரவலாக அறியப்பட்டது. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் அதை எழுப்பியதும், முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கியதும் பாடநூல்கள் வரை இடம்பெற்றுவிட்ட செய்திகள். அக்கொடை நிகழ்ந்த 1006ஆம் ஆண்டையொட்டியே நாகையில் பௌத்தம் வேர்கொண்டது என்ற எண்ணமும் இதனால் பலரிடம் நிலைத்துவிட்டது. ஆனால் பாலி உரைநூல்களின் முடிவுரைகளையும் சீனத் துறவிகளின் பயணக் குறிப்புகளையும் பல்லவர் காலத் தூதுறவுச் செய்திகளையும் கால வரிசையில் வைத்து நோக்கினால், அந்தப் பெரிய கட்டடம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துறைமுகத்தில் துறவிகள் தங்கிப் பயின்றுவந்தனர் என்பது புலனாகும். அவர்களை இங்கே கொண்டுவந்தது கடல்வழி. அவர்களை நிலைத்து வாழவைத்தது காவிரிப் பாசன நிலத்தின் நெல். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த வரலாறே நாகைப் பள்ளிகளின் தோற்ற வரலாறு.

விகாரம் என்பது புத்த பிக்குகள் தங்குவதற்கும் பயில்வதற்கும் வழிபடுவதற்கும் அமைந்த கட்டடத் தொகுதியைக் குறிக்கும். தமிழ்க் கல்வெட்டுகள் பௌத்த, சமண உறைவிடங்களைப் பள்ளி என்றும், அளவிலும் செல்வாக்கிலும் சிறந்தவற்றைப் பெரும்பள்ளி என்றும் வழங்குகின்றன.

காற்றும் காத்திருப்பும்

கோடியக்கரைக்கு வடக்கே, காவிரியின் கிளைகளுள் ஒன்றான கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தில் நாகப்பட்டினம் அமைந்துள்ளது. கோடியக்கரைக்கு அப்பால் கரை மேற்கே திரும்பி, பெரிய கலங்கள் எளிதில் செல்ல இயலாத ஆழமற்ற பாக் நீரிணை தொடங்குகிறது. ஆகவே மலாய் தீபகற்பத்திலிருந்து வங்கக் கடலைக் கடந்து வந்த கலங்களுக்கும், இலங்கைக்குப் புறப்பட்ட கலங்களுக்கும் நாகை இயல்பான தங்குதுறையாயிற்று.

பாய்மரக் காலத்தில் பயணத்தின் நாளைக் காற்றே முடிவு செய்தது. கிழக்கிலிருந்து வரும் கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு பனிக்காலத்தில் சோழமண்டலக் கரையை அடைந்தன. அவை திரும்பிச் செல்லத் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வணிகர் இக்காலத்தில் சரக்கை விற்று மாற்றுச் சரக்கைச் சேர்த்தனர். அவர்களோடு கலத்தில் வந்த பிக்குகளுக்கோ தங்குமிடமும் உணவும் தேவைப்பட்டன. மழைக்காலத்தில் மூன்று மாதம் பயணத்தைத் தவிர்த்து ஓரிடத்தில் தங்கவேண்டும் என்னும் சங்க விதியும் அவர்களுக்கு இருந்தது. பௌத்தத்தை ஆதரித்த வணிகர் மிகுந்த துறைமுகங்களில் பள்ளிகள் தோன்றியதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு முக்கியக் காரணமாகும்.

நாகைக்கு வடக்கே இருந்த காவிரிப்பூம்பட்டினம் இதற்கு முன்னோடி. அங்கே பல்லவனீச்சரம் பகுதியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் நடத்திய அகழாய்வில், வரிசையாக அறைகள் அமைந்த செங்கல் விகாரம் ஒன்றின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதமும் வெளிப்பட்டன. இக்கட்டடம் ஏறத்தாழ 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. களப்பிரர் காலத்தவரான புத்ததத்தர் என்னும் பேரறிஞர், பௌத்த மெய்யியலைச் சுருக்கி உரைக்கும் அபிதம்மாவதாரம் என்னும் பாலி நூலைக் காவிரிப்பட்டினத்து விகாரத்தில் இருந்தே எழுதினார் என்பது அந்நூலின் முடிவுரையால் தெரிகிறது.

நாகைக்கும் அத்தகைய சான்று ஒன்று உண்டு. பௌத்த நூல்களைப் பொருள்கொள்ளும் முறையை விளக்கும் நெத்திப்பகரணம் என்ற பாலி நூலுக்கு உரை எழுதிய தம்மபாலர், தாம் அவ்வுரையை நாகப்பட்டினத்தில் தம்மாசோக மகாராசன் பெயரால் வழங்கிய விகாரத்தில் இருந்து இயற்றியதாகக் குறிப்பிட்டுள்ளார். அசோகப் பேரரசனே அதைக் கட்டினான் என்று கொள்வதற்கு இக்குறிப்பு போதுமானதன்று; பழமையான பௌத்த இடங்களை அசோகன் பெயரோடு இணைத்துப் பேசுவது பல நாடுகளிலும் இருந்த மரபு. எனினும், தம்மபாலர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 6ஆம் நூற்றாண்டையொட்டிய காலத்திலேயே நாகையில் பாலி இலக்கியத்தைக் கற்றுணர்ந்து உரை வகுக்கும் அளவுக்கு வளர்ந்த ஒரு பள்ளி இருந்தது என்பதும், அப்போதே அது தொன்மையானதாக மதிக்கப்பட்டது என்பதும் இதனால் உறுதியாகின்றன.

சீனத் துறவிகள் கண்ட துறை

7ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு நூல்களைத் தேடியும் புனிதத் தலங்களை வணங்கவும் வந்த பிக்குகளால் தமிழகத்தின் நிலை மேலும் தெளிவாகிறது. ஏறத்தாழ 640இல் தென்னாட்டுக்கு வந்த யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகளும் இருந்ததாக எழுதினார். இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவிகளின் வரலாற்றைத் தொகுத்த யிஜிங், வூசிங் என்னும் துறவி கடாரத்திலிருந்து மேற்கு நோக்கி 30 நாள் கடற்பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்ததாகவும், அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை சென்று புத்தரின் பல்லை வணங்கியதாகவும் குறித்துள்ளார். கடாரம் என்பது மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள இன்றைய கெடா. சீனா, ஸ்ரீவிஜயம், கடாரம், நாகை, இலங்கை என நீண்ட யாத்திரைப் பாதையில் நாகை ஒரு நிலையான நிறுத்தமாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆரம்பகாலச் சான்று தேவையில்லை.

அதே நூற்றாண்டில் சைவ பக்தி இயக்கமும் இவ்வூரில் வலிமை பெற்றிருந்தது. அப்பரும் சம்பந்தரும், அவர்களுக்குப் பின் வந்த சுந்தரரும் நாகைக்காரோணத்துச் சிவனைப் பாடியுள்ளனர். பக்தி இயக்கம் எழுந்ததும் பௌத்தம் தமிழகத்தை விட்டு நீங்கியது என்னும் பொதுக்கருத்து உள்நாட்டு ஊர்கள் சிலவற்றுக்குப் பொருந்தலாம். ஆனால் வெளிநாட்டு வணிகரும் யாத்திரிகரும் ஆண்டுதோறும் வந்திறங்கிய நாகைக்கு அது பொருந்தவில்லை. சமயப் பூசல் நூல்களில் கடுமையாக ஒலித்த காலத்திலேயே கோயிலும் பள்ளியும் ஒரே துறைமுகத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசியல் காரணமும் சேர்ந்துகொண்டது. இராசசிம்மன் எனப்படும் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் தாங் மரபுப் பேரரசனிடம் தூதரை அனுப்பியதையும், 720இல் சீனத்தின் பொருட்டு ஒரு பௌத்தக் கோயிலைக் கட்டி, அதற்குப் பெயர் சூட்டித் தருமாறு வேண்டிப் பெயர்ப்பலகை பெற்றதையும் சீன அரச வரலாறுகள் பதிவுசெய்துள்ளன. அக்கோயில் இருந்த ஊரை அவை கூறவில்லை. சீனக் கலங்கள் வந்துசென்ற துறை என்பதாலும் பிற்காலத்தில் சீனர் பெயரோடு இணைந்த கோபுரம் இங்கு நின்றதாலும் ஆய்வாளர் பலர் அதை நாகப்பட்டினம் எனக் கருதுகின்றனர். இடம் எதுவாயினும், வெளிநாட்டுப் பேரரசன் ஒருவனின் மதிப்பைப் பெறுவதற்குத் தன் நாட்டில் அவன் பெயரால் பௌத்தக் கோயில் எழுப்புவது ஒரு தூதுறவு முறையாகிவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மூன்று நூற்றாண்டுக்குப் பின் ஸ்ரீவிஜயம் கையாண்டதும் இதே முறையைத்தான்.

ஸ்ரீவிஜயத்தின் விகாரம்

சுமத்ராத் தீவின் பாலெம்பாங்கை மையமாகக் கொண்டு எழுந்த ஸ்ரீவிஜயம், மலாக்கா நீரிணையின் வழியாகச் சென்ற வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்த பௌத்த அரசு. தன் செல்வாக்கை நிலைநாட்ட அது பிற நாடுகளில் விகாரங்களை எழுப்பியது. 9ஆம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவு எனப்பட்ட சுமத்ராவின் அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்ட, வங்கத்துப் பால மன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை வழங்கினான். 1003இல் ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன், சீனப் பேரரசனின் நீண்ட ஆயுளுக்காகத் தன் நாட்டில் பௌத்தக் கோயில் கட்டியதாகத் தெரிவித்து, அதற்குப் பெயரும் மணிகளும் கேட்டுப் பெற்றான். அந்தச் சூளாமணிவர்மனின் பெயரையே நாகை விகாரம் தாங்கியது. ஆனைமங்கலக் கொடையைப் பதிவுசெய்த செப்பேட்டின் தமிழ்ப்பகுதி கிடாரத்து, அதாவது கடாரத்து, அரையன் சூளாமணிவர்மன் அதை எடுப்பித்துவருவதாகக் கூற, வடமொழிப் பகுதி அவன் மகன் ஸ்ரீ மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயரால் அதைக் கட்டியதாகக் கூறுகிறது. தந்தை தொடங்கியதை மகன் முடித்தான் என்று கொள்வதில் முரண் எதுவும் இல்லை.

இராசராசன் இதற்கு இசைந்ததிலும் நாட்டின் நலன் இருந்தது. சோழர் அப்போது ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றிச் சோழமண்டலக் கரை முழுவதையும் ஆண்டனர். சீனச் சந்தைக்கான வழியோ ஸ்ரீவிஜயத்தின் நீரிணை வழியாகச் சென்றது. சோழரின் முதல் தூதுக்குழு சீனாவை அடைந்தது 1015ஆம் ஆண்டில்தான். தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பௌத்தப் பள்ளிக்கு ஊர் வழங்கியதை மன்னனின் சமயப் பொறையாக மட்டும் காண்பது குறைபட்ட பார்வை. அது துறைமுகத்தின் வருவாயையும் கடல்வழியின் நட்பையும் கணக்கிட்ட அரசியல் முடிவும் ஆகும்.

ஆனைமங்கலத்து நெல்

ஒரு துறவோர் குடியிருப்பு நீண்டகாலம் நிற்பதற்குக் கட்டடம் மட்டும் போதாது. பிக்குகளின் உணவு, உடை, மருந்து, விளக்கெண்ணெய், பூசைப் பொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தவறாத வருவாய் வேண்டும். சோழநாட்டில் அந்த வருவாய் நிலத்திலிருந்தே கிடைக்க முடியும். கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம் என்றும், பிராமணர்க்கு விட்டது பிரமதேயம் என்றும், பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம் என்றும் வழங்கின. ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாயிற்று.

இக்கொடையைப் பதிவுசெய்த ஆனைமங்கலச் செப்பேடுகள் 21 ஏடுகளைக் கொண்டவை. 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்து, சோழ முத்திரை பொறித்த வளையத்தால் கோக்கப்பட்டவை. டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து சென்று, பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் இவற்றுக்குப் பெரிய லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் வந்தது. ஆணை பிறப்பித்தவன் இராசராசன். அதைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன்.

வடமொழிப் பகுதி விகாரத்தின் உயரத்தை மேருமலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறது. தமிழ்ப்பகுதி புகழ்ச்சியை விடுத்து நிர்வாகத்தைப் பேசுகிறது. தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் மன்னன் வாய்மொழியாக ஆணையிட்டான். ஓலை எழுதும் அலுவலர் அதை எழுத, மேலலுவலர் ஒப்ப, வரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றினர். பின்னர் அது திருமுகமாக, அதாவது அரசனின் எழுத்தாணையாக, ஆனைமங்கலம் இருந்த பட்டனக்கூற்றத்து நாட்டாருக்குச் சென்றது. பல ஊர்களை உள்ளடக்கிய நாடு என்னும் நிலப்பிரிவின் பொறுப்பாளர்களே நாட்டார் எனப்பட்டனர். அவர்கள் அத்திருமுகத்தை ஏற்று, பெண்யானை ஒன்றை நடத்தி அது சுற்றிவந்த தடத்தை ஊரின் எல்லையாக உறுதிசெய்தனர். பிடி சூழ்தல் எனப்பட்ட இம்முறையின்போது அண்டை ஊரார் உடனிருந்ததால், பின்னாளில் எல்லைத் தகராறு எழ இடமில்லாமல் போயிற்று.

இவ்வாறு வழங்கப்பட்ட நிலம் 97 வேலிக்குச் சற்று மேற்பட்டது. அதற்குரிய கடமையாக, அதாவது நிலவரியாக, விகாரத்துக்குச் சேர வேண்டிய நெல், கலம் என்னும் முகத்தல் அளவையில் 8,943க்குச் சற்று மேற்பட்டது. ஒரு வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் என்னும் இவ்வளவு, நீர்வளம் மிக்க காவிரிக் கழனிகளுக்கே உரியது. தஞ்சை வட்டாரத்தில் அண்மைக்காலம் வரை வழங்கிய கணக்கில் ஒரு வேலி 6.6 ஏக்கருக்குச் சற்று மிகும். அதைக் கொண்டு மதிப்பிட்டால் நிலம் 640 ஏக்கரை ஒட்டியது. விகாரத்தைக் கட்டியவன் கடல் கடந்த மன்னன் என்றாலும், அதில் வாழ்ந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறிட்டது உள்நாட்டு உழவரின் உழைப்பே.

போருக்குப் பின்னும் நின்ற பள்ளி

ஸ்ரீவிஜயத்தார் நாகையில் பௌத்தத்துக்கு மட்டும் கொடை தரவில்லை. இராசேந்திரனின் தொடக்க ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த நாகைக்காரோணத்துச் சிவன் கோயிலான காயாரோகணசாமி கோயிலின் கல்வெட்டுகள், கிடாரத்து அரசனின் முகவர்கள் அக்கோயிலுக்கு அணிகலன்களும் விளக்குகளும் சீனக் கனகம் எனப்படும் சீனப் பொன்னும் வழங்கியதைக் கூறுகின்றன. துறைமுகத்தில் தங்கிய வெளிநாட்டார் ஊரின் முதன்மைக் கோயிலையும் போற்றியே தம் இடத்தை உறுதிசெய்துகொண்டனர்.

1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. அத்தாக்குதலுக்குப் பின்னும் நாகைப் பள்ளி நீடித்தது என்பதை முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 1090இல் வெளியான சிறிய லெய்டன் செப்பேடுகள் மூன்றும் மெய்ப்பிக்கின்றன. கிடாரத்து அரசனின் தூதர் இருவர் வேண்டியபடி பள்ளிச்சந்த ஊர்களுக்குப் பல வரிகள் நீக்கப்பட்டன. அவ்வூர்களின் பழைய காணியாளரை, அதாவது நிலத்தில் வழிவழி உரிமை கொண்டிருந்தோரை நீக்கி, அவ்வுரிமையைச் சங்கத்தாருக்கே அளித்ததும் அதில் அடங்கும். இச்செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் இரண்டு பள்ளிகளைக் குறிப்பிடுகிறது. வெளிநாட்டு மன்னன் பெயரால் தொடங்கியதும் சோழ மன்னர் பெயரால் விளங்கியதுமான பள்ளிகள் இப்போது ஊரின் நிலவுடைமை நிறுவனங்களாகவே மாறியிருந்தன.

பள்ளிகளின் அன்றாட வாழ்வை நாகையில் கிடைத்த செப்புப் படிமங்கள் காட்டுகின்றன. 1856 முதல் 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன, அவற்றை டி. என். இராமச்சந்திரன் ஆராய்ந்து சென்னை அருங்காட்சியக வெளியீடாக 1954இல் நூலாக்கினார். உச்சியில் தீச்சுடர் எழும் புத்தர் உருவங்களும், கையளவான நேர்த்திக்கடன் தூபிகளும், போதிசத்துவர் வடிவங்களும் அவற்றுள் அடங்கும். நாகைப் புத்தர் படிமம் ஒன்றின் பீடத்து எழுத்து இராசேந்திரசோழப் பெரும்பள்ளியோடு அக்கசாலைப் பெரும்பள்ளி என்பதையும் சுட்டுகிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் பணிக்கூடம். ஆகவே அரசரும் வணிகரும் மட்டுமன்றிக் கைவினைஞரும் பள்ளிகளைப் புரந்தனர் என்பது தெரிகிறது. சைவத் திருமேனிகளைப் போலவே திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்கென அமைந்த புத்தர் படிமங்களும் இருந்தன என்பதால், சோழநாட்டுக் கோயில் வழக்கங்களைப் பௌத்தரும் தமதாக்கிக்கொண்டனர் எனலாம்.

இடிந்த கோபுரம்

சோழப் பேரரசு தளர்ந்த பின்னும் யாத்திரிகர் வருகை நிற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இக்கரையில் நின்ற செங்கற் கோபுரம் ஒன்றில் 1267க்கு இணையான சீன ஆண்டில் பணி முடிந்ததாகச் சீன எழுத்து இருந்ததைக் குறித்துள்ளார். அதை நாகைக் கோபுரமாக ஆய்வாளர் கொள்கின்றனர். பர்மாவின் பெகுவில் தம்மசேதி மன்னன் பொறித்த கலியாணிக் கல்வெட்டுகள், 1476இல் கலம் உடைந்து கரையேறிய பர்மியத் தேரர்கள் நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்னும் பழைய பள்ளி இருந்த இடத்தைக் கண்டு, சீனநாட்டு மன்னன் அமைத்த குகையிலிருந்த புத்தரை வணங்கியதாகக் கூறுகின்றன. அதற்குள் பள்ளி வாழ்ந்த இடம் என்ற நிலை போய், பள்ளி இருந்த இடம் என்ற நிலை வந்துவிட்டது.

கோபுரத்தின் எச்சம் மட்டும் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றும் ஐரோப்பியர் சீனர் கோபுரம் என்றும் அழைத்த அதை 1846இல் கண்ட பிரித்தானிய அலுவலர் வால்டர் எலியட், நான்கு பக்கமும் மூன்று நிலைகளும் கொண்டு, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல்லால் ஆனது என விவரித்தார். அதைச் சூழ்ந்த நிலத்தைப் பெற்ற இயேசு சபையார் தம் கல்லூரிக் கட்டடத்துக்காக அதை இடிக்க இசைவு கோரினர். முதலில் மறுத்த அரசு 1867இல் இசைந்தது. அந்நிலத்திலேயே 1856இல் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோதுதான் புத்தர் படிமங்கள் முதன்முதலில் வெளிப்பட்டிருந்தன.

இத்தனையும் சேர்த்து நோக்கினால், நாகைப் பௌத்தக் குடியிருப்பை ஒரு மன்னன் ஓராண்டில் தோற்றுவித்தான் என்று கூறுவது பொருந்தாது. துறவிகளின் வருகை முதலில் அமைந்தது. பாலிப் புலமை அதற்குப் புகழ் சேர்த்தது. பல்லவரும் ஸ்ரீவிஜயரும் அதன்மேல் அரசியல் நட்பைக் கட்டினர். சோழர் அதற்கு நிலத்தையும் கணக்கையும் தந்து நிறுவனமாக்கினர். 1006ஆம் ஆண்டு நிலக்கொடையின் தேதியாக மட்டுமே கொள்ளத்தக்கது. குடியிருப்பின் தொடக்கம் அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், நாகைத் துறையில் காற்றுக்குக் காத்திருந்த பிக்குகளின் காலத்திலேயே தேடப்பட வேண்டும்.